பொன்வண்டும் பொற்பதிப்பும்

நமது கல்முனைக் கரையில் வளர்ந்தவர்களுள், சிறு பிராயத்தில் நெருப்புப் பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்திராதவர் அருமை. இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டை இட்டிருக்கிறதா என்று பாட நேரத்திலும் பெட்டியைத் திறந்து பார்த்து, ஆசிரியரிடம் அடி வாங்கியவர்களும் உளர்; அடியேனும் அவர்களுள் ஒருவன். ஆதலின், யப்பானில் இளமையிலே பூச்சி பிடித்துத் திரிந்த சத்தோஷி தஜிரி என்பார், அவ்வாசையையே கையடக்க விளையாட்டாக்கி 1996இல் ‘பொக்கிமொன்’ என வெளியிட்டார் என அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதன் இரண்டாம் பாகம். ‘பொன்’, ‘வெள்ளி’ என்னும் இரு பதிப்புகளாக யப்பானில் 1999 நவம்பர் 21ஆம் திகதியும், அமெரிக்காவில் 2000 ஒக்டோபரிலும் அது வெளிவந்தது. பெரும்புகழ் பெற்ற ஒன்றின் இரண்டாம் பாகம் பழங்கஞ்சியாகவே இருக்கும் என்று எண்ணியிருந்தோர் ஏமாந்தனர். ஐ.ஜி.என். என்னும் அமெரிக்க இணையச் சஞ்சிகை பத்துக்குப் பத்துப் புள்ளிகளையும் வழங்கிற்று. 151 ஆக இருந்த விநோதப் பிராணிகள் 251 ஆகின. அவை முட்டையும் இட்டன. கதை முடிந்தது என்று மூச்சு விடும் வேளையில் முதற் பாகத்தின் தேசம் முழுவதும் மீண்டும் திறந்துகொண்டது.

குறை கூறியவர்களும் இருந்தார்கள். ஆட்டத்தின் போக்கு பழையதே என்றார்கள்; அது மெய்தான். திரும்பி வந்த பழைய தேசமும் மெலிந்தே இருந்தது. இரண்டு தேசங்களை ஒரு கசெற்றில் அடைத்தால் ஒன்று இளைக்கத்தானே செய்யும்?

யாவரும் ஒருமுகமாகப் புகழ்ந்தது உள்ளே வைத்த மணிக்கூட்டை. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளிலே பூச்சி பிடிக்கும் போட்டி நடக்கும். மாலை ஆறு மணிக்கு அங்கே இருட்டும்; ஆந்தை வெளிவரும். கோடையில் இலண்டன் பிள்ளைகளுக்கு வெளியில் வெயில் எறிக்க, திரையில் இராக்காலம்! கல்முனையிலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அதே நேரத்தில் பொழுது சாய்வதால், மஃரிபுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது திரையும் கறுக்கும். நமக்கென்றே செய்தது போல!

ஆனால் அந்த மணிக்கூடு, விளையாட்டை அணைத்த பின்னரும் ஓடிக்கொண்டேயிருந்தது. அதற்கு உயிர் கொடுத்த சிறு பற்றரிதான் பிள்ளைகள் சேர்த்த பிராணிகளையும் நினைவில் வைத்திருந்தது. பற்றரி தீர்ந்தால் எல்லாம் போயிற்று. வெளிவந்த சில நாட்களுக்குள் தீர்ப்பெழுதிய விமர்சகர் இதனை எங்ஙனம் அறிவர்?

சவூதியிலிருந்து தகப்பனார் கொண்டுவந்த ‘பொன்’ பதிப்பை, என் மருமகன் 2002 முதல் மூன்று ஆண்டு ஆடினான். சென்ற மாதம் அவனுடைய மகன் அதைத் தகரப் பெட்டியிலிருந்து கிளறி எடுத்தான். போட்டுப் பார்த்தால், புதிதாகத் தொடங்குவதற்கு மட்டுமே வழி இருந்தது. முப்பத்தைந்து வயது மனிதன், எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான்.

கடைத்தெருவில் மணிக்கூடு திருத்துபவர் ஒருவர், பழைய பற்றரியின் ஈயப்பற்றைச் சுட்டு நீக்கிப் புதியது வைத்துக் கொடுத்தார். அன்று பின்னேரம் தகப்பனும் மகனும் திண்ணையில் அமர்ந்தார்கள். அந்த விளையாட்டு முதன்முதலிற் கேட்கும் கேள்வி, இப்பொழுது மணி என்ன என்பதுதான்.

“வாப்பா, என்ன மணி போட?”

அவன் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தான்.

“அஞ்சே முக்கால். கெதியாகப் போடு மகன், இன்னும் கொஞ்சத்தில் இருட்டிவிடும்.”