யாருடைய கைமணம்?

ஆய்வுப் பரிமாற்றத் திட்டத்தில் மூன்று மாதம் இத்தாலியின் போலோன்யா நகரத்தில் இருந்தேன். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, கையால் செய்த பாஸ்தாவுக்குப் பேர்போன ஒரு சின்ன உணவகத்துக்கு நண்பர்கள் அழைத்துப் போனார்கள். பத்து மேசைகூட இருக்காது. வாசலை ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நீளமான உருட்டுக்கட்டையால் மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் கிடையாது. தேய்த்ததைச் சுருட்டி நாடா நாடாவாக நறுக்கி உதறினார். தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். இந்த வேலை செய்கிற பெண்களை அங்கே 'ஸ்ஃபொல்யீனா' என்று தனிப் பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

அந்த நாடாவின் பெயர் தல்யத்தெல்லே. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் அந்த நகரத்து வணிகக் கழகத்தில் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். தங்கத்தில் ஒரு மாதிரியும் உண்டு. அதன் மேல் ஊற்றுகிற இறைச்சிக் குழம்பு 'ராகு' (நம்மூர்ப் பஞ்சாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அதன் செய்முறையும் 1982 அக்டோபர் 17 அன்று அதே கழகத்தில் பதிவானது. அதில் என்ன இருக்கிறது? மாட்டிறைச்சி, பன்றியின் வயிற்றுக்கறி, கேரட், வெங்காயம், தக்காளி, ஒயின், பால். நம்மூரில் எந்த இரண்டு கறியைச் சொல்லி ஒரு மக்கள் கூட்டத்தையே இழிவாகப் பேசுகிறார்களோ, அந்த இரண்டும் ஒரே பாத்திரத்தில் வெந்து ஒரு நகரத்தின் பெருமையாக ஆவணத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 2022இல் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். எங்களோடு வந்திருந்த ஒரு தமிழ்நாட்டு நண்பர், சென்னையில் மாட்டுக்கறிக் கடை இருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டார். போலோன்யாவில் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு 'எவ்வளவு அசலான ருசி' என்றார். பெயர் ராகு என்று இருந்தால் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது.

ருசியாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் 1982 என்ற எண்ணை நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாட்டில் கவனம் போகவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்றுதான் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். என் அம்மா சத்துணவுச் சமையலர்.

பதிவேட்டில் சமையலர் என்று சொல்ல வேண்டும். இட ஒதுக்கீட்டு முறைப்படி ஆணை வந்து அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் வாரம், ஊர்த்தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியோடு வந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. 'பிள்ளைக்கு வயிறு சரியில்லை' என்று ஒரே வாரத்தில் நாற்பது வீட்டில் ஒரே காரணம். பிறகு யார் பேசினார்கள், எப்படி முடிவானது என்று எழுத்தில் எங்கும் கிடையாது. ஊர்த்தெருவைச் சேர்ந்த சமையல் உதவியாளர் கரண்டியைப் பிடித்தார். சமையலரான அம்மா விறகு உடைத்தார், தண்ணீர் சுமந்தார், அண்டா விளக்கினார். பிள்ளைகளின் வயிறும் சரியாகிவிட்டது. பல ஆண்டுகள் அம்மா அப்படித்தான் சம்பளம் வாங்கினார். நான் அதே பள்ளியில் அதே சோற்றைத் தின்று படித்தேன், அது அம்மா சமைத்தது என்று நினைத்துக்கொண்டு.

இது எங்கள் ஊரின் தனிக்கதை அல்ல. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் பாப்பாள் என்கிற அருந்ததியர் பெண் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டபோது, அதிகாரி அவரைத்தான் இடமாற்றம் செய்தார். போராட்டம் நடந்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 'கைமணம்', 'கைப்பக்குவம்' என்று சமைக்கிற கையைப் புகழ இத்தனை சொல் வைத்திருக்கிற சமூகம்தான், அந்தக் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று முதலில் விசாரிக்கிறது. வெள்ளைக்காரப் பாட்டியின் கையைக் கண்ணாடிக்குள் பார்த்ததும் எனக்கு வந்தது பொறாமை. வேறு நல்ல சொல் தெரியவில்லை.

அந்தப் பொறாமையோடு எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் பின்பக்கச் சமையலறை தெரிந்தது. அங்கே ஒருவர் பெரிய பாத்திரத்தில் ராகுவைக் கிளறிக்கொண்டிருந்தார். வங்கதேசத்துக்காரர். என்னைப் பார்த்து 'இந்தியாவா?' என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆறு வருடமாக அந்தக் குழம்பு அவர் பொறுப்பு, மூன்று மணி நேரம் சின்னத் தீயில் வேகவேண்டும் என்றார். முன்னால் நின்று சமைக்கலாமே என்றேன். சிரித்தார். 'டூரிஸ்ட் பாட்டியைத் தேடி வர்றான். என்னைப் பார்க்கவா வர்றான்?'

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அவர் கிளறியது என்று தெரிந்தால் அந்தக் கடையில் யாரும் தட்டைத் தள்ளிவைக்கப் போவதில்லை. அம்மாவுக்கு நடந்தது தீண்டாமை, சட்டப்படி குற்றம். ஆனால் 'வீட்டில் செய்தது' என்று பலகையில் எழுதும்போது யாருடைய வீடு, யாருடைய கை என்பதைக் கடைக்காரர் தேர்ந்தெடுக்கிறார். மேசையில் துருவிப்போட்ட பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் அப்படித்தான். அந்த வட்டாரத்து மாட்டுத் தொழுவங்களில் விடியுமுன் எழுந்து பால் கறக்கிறவர்களில் பெரும் பகுதியினர் பஞ்சாபிகள். அவர்களில் தலித்துகளும் உண்டு. கடல் தாண்டிப் போயும் அவர்கள் ரவிதாசரின் பெயரில் தனிக்கோயில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், சாதியும் அதே விமானத்தில்தான் போயிருக்கிறது.

2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதியில் சத்னாம் சிங் என்கிற 31 வயதுப் பண்ணைத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டருகே இறக்கிவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். ஆயிரக்கணக்கானவர்கள் லத்தீனா தெருக்களில் இறங்கிப் போராடினார்கள். கையால் செய்ததைக் கொண்டாடுகிற அதே நாடு.

சாப்பிட்டதற்கு என் பங்கு 14 யூரோ, அதற்கு மேல் உட்கார்ந்ததற்கு 3 யூரோ. எதையும் அம்மாவின் சம்பளத்தில் வகுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அறைக்கு வந்ததும் கண்ணாடிப் பாட்டியின் வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“ஏங்கண்ணு, தண்ணியே ஊத்தலயா? வெறும் முட்டையிலயே பெசையறாங்களா?”

“ஆமாம்மா.”

“நல்லாத்தான் தேய்க்கறாங்க. கை சுத்தம்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. மறுபடி பார்த்திருப்பார். “இத்தன பேரு சாப்படறாங்களே, பாத்தரமெல்லாம் யாரு வெளக்கறது? அவங்கள எடுக்கலயா நீ?”

எடுக்கவில்லை.