மூக்கைக் கீழே தள்ளுங்க சாமி!

'ஸ்டால்'னதும் நம்ம மக்கள் இஞ்சின் நின்னு போச்சுன்னு நினைக்கிறாங்க. இல்லீங்க. இஞ்சின் ஜோரா ஓடும், இறக்கைதான் ஸ்டிரைக் பண்ணும் :-) மூக்கை அளவுக்கு மேல தூக்கினா காற்று இறக்கையோட மேல்பக்கத்தை விட்டுப் பிரிஞ்சிடும், தூக்குவிசை சரிஞ்சிடும். விழுற பயத்துல கை தானா பின்னாடி இழுக்கும். ஆனா முன்னாடி தள்ளணும்!

2009-ல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் போனாங்களே, அதுலயும் ஸ்டால் ஆன பிறகு துணை விமானி பெரும்பாலும் ஸ்டிக்கைப் பின்னாடிதான் இழுத்துட்டிருந்தார். ஏர்பஸ் ஓட்டுறவருக்கே இந்தக் கதின்னா, செஸ்னாவுல கத்துக்கிறவர் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் சொந்தமா ஓட்டுறதுக்கான லைசென்ஸுக்கு ஸ்டால் பயிற்சி கட்டாயம். ஆனா ஸ்டால் முத்தி, விமானம் பம்பரமாச் சுத்திக்கிட்டே இறங்குற 'ஸ்பின்'னை 1949-லேயே கட்டாயத்துல இருந்து எடுத்துட்டாங்க. வாத்தியாராகப் போறவங்களுக்குத்தான் இப்ப அது. எனக்கு இதுல உடன்பாடு இல்லை.

ரன்வே பக்கம் திரும்புறப்போ ஸ்பின் ஆனா மீள உயரமே இருக்காது, கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்னு கேட்பாங்க. மீளுறதுக்கு இல்லீங்க, அது ஆரம்பிக்கிற விதம் உடம்புக்குத் தெரியணும். புஸ்தகத்துல படிச்சா வராது.

கத்துக்கிட்டிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, ஸ்பின்னுக்கு அனுமதியுள்ள விமானத்துல, நல்ல உயரத்துல, வாத்தியாரோட ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்க. காசு கூடத்தான் ஆகும்.