குறைமாதக் குழந்தைக்கும் வலிக்கும்

கர்ப்பத்தின் 37 வாரங்கள் நிறையும் முன்பே பிறப்பவை குறைமாதக் குழந்தைகள். 2020இல் உலகில் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றும் சிகிச்சையே அவற்றுக்கு ஓயாத வலியைத் தருகிறது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, ரத்தநாளத்தில் ஊசி ஏற்றுவது, மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் விடுவது, மூச்சுக்குழாயில் சளியை உறிஞ்சுவது, தோலோடு ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரியைப் பிரிப்பது என்று நாள் முழுக்க ஏதோ ஒன்று நடக்கிறது. பாரிஸ் வட்டாரத்தில் தீவிர சிகிச்சையில் இருந்த 430 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வின்படி, முதல் இரண்டு வாரங்களில் ஒரு குழந்தை நாளொன்றுக்குப் பத்து முறை அளவில் இத்தகைய வலிக்கு ஆளாகிறது. அவற்றில் ஐந்தில் நான்கு முறை வலியைத் தணிக்கத் தனியாக எதுவுமே செய்யப்படவில்லை.

பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிராதவை, அதனால் அதற்கு வலி சரியாக உறைக்காது என்ற நம்பிக்கை 1980கள் வரை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. அறுவை சிகிச்சைகூட மிகக் குறைந்த மயக்க மருந்தோடு நடந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. இதய அறுவையின்போது முறையான வலி நிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடலில் பதற்ற ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன.

முதிராத நரம்பு மண்டலத்தில் வலி கூடுதலாகவே உறைக்கிறது என்பதுதான் பின்னர் தெரியவந்த உண்மை. வலியை மேலே கொண்டுசெல்லும் பாதைகள் முன்பே இயங்கத் தொடங்கிவிடுகின்றன. மூளையிலிருந்து இறங்கி வந்து அதை மட்டுப்படுத்தும் பாதைகள் தாமதமாகவே முதிர்கின்றன. திரும்பத் திரும்பக் குத்தப்பட்ட குதிகாலில் லேசான தொடுதலுக்கும் குழந்தை காலை இழுத்துக்கொள்வதை லண்டனில் மரியா ஃபிட்ஸ்ஜெரால்ட் குழுவினர் 1980களின் இறுதியில் பதிவு செய்தனர். அதிக ஊசிக்குத்துகளைச் சந்தித்த குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் மாற்றங்கள் தெரிவதாக, நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட ஆய்வுகளும் சொல்கின்றன.

அப்படியானால் மருந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். சிறு நடைமுறைகளுக்கு அது ஒத்துவருவதில்லை. ரத்தம் எடுப்பதற்கும் விழித்திரைப் பரிசோதனைக்கும் முன்பாக வாய்வழி மார்ஃபின் கொடுத்துப் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, 31 குழந்தைகளோடு பாதியில் நிறுத்தப்பட்டது. மூச்சு தடைப்படும் அபாயம் தென்பட்டது, வலியும் குறையவில்லை. குதிகால் குத்துக்குப் பாராசிட்டமாலும் பயன் தருவதில்லை. ஆகவே அன்றாட ஊசிக்குத்துக்கு மருந்தில்லா வழிகளே முதல் சிகிச்சை. மருந்து கிடைக்காத இடத்துக்கான மாற்று ஏற்பாடாக அவற்றைப் பார்ப்பது தவறு.

இதில் முதலாவது, குத்தாமல் இருப்பது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதப்படும் பரிசோதனைகளை ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் முடிக்க முடியுமா என்று கேட்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. குத்தித்தான் ஆகவேண்டும் என்றால், கையால் குத்தும் ஊசியைவிடத் தானியங்கி ஊசிமுனை வலியைக் குறைக்கிறது. ரத்தம் வராமல் குதிகாலைப் பிழிந்துகொண்டே இருப்பதும் பெரிய வேதனைதான்.

குழந்தையின் வலியை அறிவது எளிதல்ல. நிறைமாதக் குழந்தை வீறிட்டு அழும். 27 வாரத்தில் பிறந்தது பல நேரம் அழுவதே இல்லை. துவண்டு, அசையாமல் கிடக்கும். அதை அமைதி என்று எண்ணிவிடக் கூடாது. பானி ஸ்டீவன்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட வலி மதிப்பீட்டு முறை ஏழு அம்சங்களைப் பார்க்கிறது: எத்தனை வாரக் குழந்தை, தூக்கமா விழிப்பா, நாடித்துடிப்பு, ரத்த ஆக்ஸிஜன், புருவங்களுக்கிடையே புடைப்பு, இறுக மூடிய கண், மூக்கின் பக்கவாட்டில் ஆழமாகும் கோடு. வாரம் குறையக் குறைய, அதே முகக்குறிக்குக் கூடுதல் மதிப்பெண் தரும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது.

வலியைத் தணிக்க எளிய வழி கைகளால் அணைத்துக்கொள்வது. ஒரு கை தலையைத் தாங்க, மறு கை குழந்தையின் கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கிறது. கைகள் வாயருகே இருக்கின்றன. கருப்பைக்குள் இருந்த அதே நிலை. ரத்தம் எடுக்கும் பாதம் மட்டும் வெளியே இருக்கும். குத்தி முடித்தவுடன் கையை எடுத்துவிடாமல், நாடித்துடிப்பு பழைய நிலைக்கு வரும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். அந்த ஆள் தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் வலுவான சான்று உள்ளவற்றில் ஒன்று கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், நெரிசலும் கருவிப் பற்றாக்குறையும் மிகுந்த மருத்துவமனையில் எட்கர் ரே 1978இல் தொடங்கியது அது. வலி தணிப்பதிலும் அது உதவும் என்று கனடாவின் செலஸ்ட் ஜான்ஸ்டன் குழுவினர் 28 வாரம் முதலான குறைமாதக் குழந்தைகளிடம் காட்டினர். குஜராத்தின் கரம்சாத் மருத்துவர்களும் அதே முடிவுக்கு வந்தனர். செய்முறை கடினமில்லை. தாய் சற்றே சாய்ந்து அமர, தொப்பியும் இடுப்புத்துணியும் மட்டும் அணிந்த குழந்தை அவர் மார்பின் நடுவே தோலோடு தோலாகப் படுத்திருக்கும். கால் மணி நேரம் போல் கழித்து, செவிலியர் தாழ்வான இருக்கையில் அமர்ந்து, போர்வைக்கு வெளியே பாதத்தை மட்டும் எடுத்துக் குத்துகிறார். முகச்சுளிப்பு குறைகிறது, நாடித்துடிப்பும் விரைவில் சீராகிறது.

இனிப்புக் கரைசல் உலகெங்கும் புழங்கும் இன்னொரு வழி. 24 சதவீதச் சர்க்கரைக் கரைசல் சில துளிகளைக் குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விடுகிறார்கள். அழுகையும் முகச்சுளிப்பும் குறைவது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. ஆனால் 2010இல் லண்டனில் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர் மூளையின் மின்னலைகளை அளந்தபோது, வலிக்கு மூளை காட்டும் எதிர்வினை குறையவில்லை. முதல் வாரத்தில் மிக அதிக முறை சர்க்கரை பெற்ற குழந்தைகளின் நரம்பு வளர்ச்சி மதிப்பெண்கள் சற்றுக் குறைந்திருந்ததாக ஜான்ஸ்டனின் மற்றொரு ஆய்வும் எச்சரித்தது. எனவே பீச்சிய தாய்ப்பால் கிடைக்கும்போது அதையே முதலில் தருவதும், சர்க்கரைக் கரைசலை அளவு குறித்து மருந்துச் சீட்டில் எழுதித் தருவதும் நல்லது. வீட்டில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனையாக வைக்கும் வழக்கத்துக்கு இதை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. தேன் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்தானது.

இந்த வழிகளுக்கு எல்லை உண்டு. விழித்திரைப் பரிசோதனையில் மரப்புச் சொட்டு, இனிப்பு, அணைப்பு மூன்றையும் சேர்த்தாலும் வலி முற்றிலும் போவதில்லை. நெஞ்சுக்குள் குழாய் செருகுவதற்கும் அறுவைக்கும் மருந்து கட்டாயம். தாயின் மடியைக் காட்டி அதைத் தவிர்ப்பது கொடுமை.

இந்த முறைகளுக்குச் செலவு மிகக் குறைவு. அப்படியும் அவை நடைமுறைக்கு வராததற்குக் காரணம் வார்டின் அமைப்பு. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில், தாய் வேறு தளத்தில், தந்தை கதவுக்கு வெளியே. தாயும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கும் பிரிவு சாத்தியம் என்பதை டெல்லி சஃப்தர்ஜங் உள்ளிட்ட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. பிறந்தவுடன் கங்காரு முறையைத் தொடங்கியதால் முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. இதையொட்டி உலக சுகாதார நிறுவனம் 2022இல், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கங்காரு பராமரிப்பைப் பரிந்துரைத்தது. ஒவ்வொரு ஊசிக்குத்துக்கும் எதிரே வலி தணிக்க என்ன செய்யப்பட்டது என்று எழுத, குழந்தையின் கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும். ரத்தம் எடுக்கும் நேரத்தில் உள்ளே வரலாமா, குழந்தையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்.