கல்யாண மண்டபத்திற் கற்ற ஆட்டம்

சென்ற தவணையின் நடுவில் ஒருநாள், கல்லூரி விட்ட பின்னர், மாணவர் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தோம். அறை வாயிலில் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி, எம்மிடம் பத்தாம் வகுப்பிற் படிக்கும் அவருடைய மைந்தன்.

"மாஸ்டர், நீங்கள்தான் இவனுக்கு ஒரு புத்தி சொல்லவேணும். நான் சொன்னாற் கேட்கிறானில்லை" என்று தந்தையார் தொடங்கினார். பையன் செய்த குற்றம் இதுதான்: நாள்தோறும் மாலையிற் கல்லூரி மண்டபத்திற் பூப்பந்தாடுகின்றான், வீடு திரும்பும்போது ஆறரை மணியாகிவிடுகின்றது, அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை, கணித பாடத் தனியார் வகுப்பு நடைபெறும் நேரமும் அதுவே.

நாமும் ஆசிரியர்தாமே! ஆசிரியர் நாவில் எப்போதும் ஆயத்தமாக இருக்கும் அறிவுரைகளுள் ஒன்றை எடுத்து வழங்கினோம். "தம்பி, மட்டை எங்கும் ஓடிப்போகாது. ஓராண்டு பரணில் இருக்கட்டும்" என்றோம். "ஓம் சேர்" என்றான் பையன். தந்தையார் மனநிறைவோடு விடைபெற்றார். கட்டுரைகளை மீண்டும் கையில் எடுத்தோமாயினும், அன்று அவற்றில் ஒன்றைத்தானும் ஒழுங்காகத் திருத்தினோம் என்று சொல்லமாட்டோம். அவன் எதிர்வாதம் செய்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாம் சிறுவராயிருந்த தொண்ணூறுகளிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலி கேட்ட காலம் அது. கடையிற் பூப்பந்து வாங்குவது என்ற எண்ணமே எழாது. குரும்பட்டி ஒன்றிற் கோழியிறகுகளைக் குத்தி நாமே பந்து செய்தோம். இரண்டு பூவரச மரங்களுக்கிடையே கயிறு கட்டினால் அதுவே வலை. பத்து அடிக்குள் இறகுகள் உதிர்ந்துவிடும். பட்டம் ஏற்றுவோருக்கு உறவான காற்று எமக்குப் பகை. சோழகம் வீசத் தொடங்கிவிட்டால் நாம் அடித்த பந்து அயல்வீட்டு வேலிக்குள் விழும். ஆயினும், எம் சித்தப்பா பழைய சஞ்சிகை ஒன்றினின்று வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டே நாம் ஆடச் செல்வோம். படத்திலிருந்தவர் பிரகாஷ் படுகோன். இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சினிமா நடிகை தீபிகாவின் தந்தையார் என்றாற்றான் விளங்கும். எமக்கு அந்நாளில் அவர் இந்தோனேசியரை வென்றவர்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் பூப்பந்து என்பதைத் தமிழ்நாட்டார் இறகுப்பந்து என்பர். அவர்களுக்குப் பூப்பந்து என்றால் வேறோர் ஆட்டம், தஞ்சையிற் பிறந்தது, கம்பளி நூற்பந்து கொண்டு வெளியிலே ஆடுவது. எமது ஆட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயரே பொருத்தமென்று தோன்றுகின்றது. பந்தின் உயிர் இறகிலன்றோ இருக்கின்றது! பதினாறு இறகுகள், எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் அளவான எடை, வாயால் ஊதினாலே வழி விலகும். ஆதலால் இவ்வாட்டத்துக்குக் காற்றுப் புகாத, கூரை உயர்ந்த ஒரு மண்டபம் வேண்டும். எம் போன்ற நாடுகளில் அத்தகைய மண்டபம் எங்கே கிடைக்கும்? மக்கள் வேறொரு தேவைக்காகக் கட்டியதைத்தான் இரவல் வாங்கவேண்டும்.

பெங்களூரில் மல்லேசுவரம் என்றொரு பகுதி. அங்கே கனரா யூனியன் என்னும் சங்கத்துக்கு ஒரு மண்டபம். கல்யாணங்கள் நடைபெறும் மண்டபம் அது. 1955 ஆம் ஆண்டு யூன் மாதம் பிறந்த பிரகாஷ், பந்தடிக்கக் கற்றது அங்கேதான். தந்தையார் ரமேஷ் படுகோன் மைசூர் பட்மின்ரன் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். மகனுக்கு முதன்முதல் மட்டையைக் கொடுத்தவரும் அவரே. ஊரில் இந்த ஆட்டத்துக்கென ஒரு கூடம் தானும் இல்லாத காலம். இன்று மண்டபத்தில் விவாகம் உண்டா இல்லையா என்று பார்ப்பதே அக்காலத்தில் தம் அன்றாட வேலையாக இருந்ததென்றும், இல்லையாயிற் பள்ளி விட்டதும் அங்கே ஓடியதாகவும் தம் மகளிர்க்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் நினைவுகூர்ந்திருக்கின்றார். முகூர்த்த நாட்கள் மிகுந்த மாதங்களில் அச்சிறுவன் மணமக்களை வாழ்த்தியிருப்பானா என்பது ஐயமே.

ஏழு வயதில், 1962 இல், மாநிலத்து இளையோர் போட்டியில் முதன்முதலாக இறங்கினான். முதற் சுற்றிலேயே தோற்றான். இரண்டு ஆண்டுகளின் பின் அதே பட்டத்தை வென்றான். பதினாறு வயதில் இந்தியாவின் இளையோர் பட்டமும் மூத்தோர் பட்டமும் ஒருங்கே அவன் கைக்கு வந்தன. (இனிமேல் 'அவர்' என்போம், தேசிய வீரரை ஒருமையில் அழைப்பது முறையன்று.) அது முதல் 1979 வரை அந்த மூத்தோர் பட்டம் வேறெவரிடமும் செல்லவில்லை.

உள்நாட்டு வெற்றி வேறு, உலகம் வேறு. அந்நாட்களில் இவ்வாட்டத்தின் தலைநகர் இந்தோனேசியா. 1958 இல் தோமஸ் கிண்ணத்தை முதன்முறையாக வென்ற அந்நாட்டார், அடுத்த ஆண்டே தான் ஜோ ஹொக் மூலம் அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் பெற்றனர். பின்னர் வந்த ரூடி ஹார்ட்டோனோ அப்பட்டத்தை 1968 முதல் ஏழு ஆண்டுகள் இடைவிடாது வென்று, 1976 இல் எட்டாம் முறையும் வென்றார். உலகப் போட்டி என்று தனியாக ஒன்று 1977 வரை இல்லாமையால், அகில இங்கிலாந்தை வென்றவரே உலகை வென்றவர். தமிழர் எவரும் அந்த உயரத்துக்குச் சென்றதில்லையா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி: 1974 இல் ரூடியை இறுதியாட்டத்தில் எதிர்த்து, மூன்று ஆட்டம் வரை அவரை வியர்க்க வைத்தவர் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். தோற்றார், ஆயினும் எளிதில் தோற்றாரல்லர். அதே ஆண்டு பொதுநலவாய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் அவருடையது.

பிரகாஷுக்கும் ரூடியே ஆதர்சம். 1971 அளவில் அவர் தம் ஆட்டத்தை மாற்றி, தாக்கி ஆடும் முறைக்குத் திரும்பினார். பின்பு இந்தோனேசியாவுக்கே சென்று அந்நாட்டு வீரரோடு சேர்ந்து பயிற்சியும் பெற்றார். வெல்லவேண்டியவர் வீட்டிலேயே சென்று வித்தை கற்பது என்றால் இதுதான். அதற்கு இடங்கொடுத்த இந்தோனேசியரின் பெருந்தன்மையையும் நாம் மறத்தலாகாது.

ரூடிக்குப் பின் அங்கே அரியணை ஏறியவர் லீம் ஸ்வீ கிங். 1956 இல் மத்திய ஜாவாவின் குடுஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். அவ்வூர் கிராம்பு கலந்த சுருட்டுக்குப் பேர்போனது. ஜாரும் என்னும் சுருட்டுத் தொழிலகத்தார், பகலிற் பெண்கள் இருந்து சுருட்டுச் சுற்றும் கொட்டகையை மாலையில் ஒழித்துப் பூப்பந்தாடத் தொடங்கினர். தொழிலாளருக்கென எழுந்த அந்தக் கழகத்தில் வளர்ந்தவரே கிங். எமது ஊரிலும் ஒருகாலம் சுருட்டுக் கொட்டில்கள் நிறைந்திருந்தனவன்றோ! அந்தப் புகையிலை மணத்தை அறிந்தவர்களுக்கு, மாலையில் அதே தரையிற் கோடு கிழித்து ஆடும் காட்சி எளிதிற் கண்முன் தோன்றும். ஒருவர் மணமேடையடியிற் கற்றார்; மற்றவர் சுருட்டுக் கொட்டகையிற் கற்றார். இருவரும் எதிரெதிரே நின்ற இடம் லண்டன் வெம்பிளி அரங்கு. நாள் 1980 மார்ச் 23.

கிங் 1978 இலும் 1979 இலும் வென்றவர். மூன்றாவது முறைக்கு வந்திருந்தார். அவருடைய படைக்கலம், மேலே எழும்பித் துள்ளி அந்தரத்தில் நின்று பந்தைக் கீழ்நோக்கி அறைவது. அவர் பெயராலேயே அந்த அடியைக் குறிப்பிடுமளவுக்கு அது பிரசித்தம். பிரகாஷ் அந்த ஆண்டு டென்மார்க்கிலும் சுவீடனிலும் வென்று வந்திருந்தார். ஆயினும் கிங்கையே பலரும் எதிர்பார்த்தனர்.

துள்ளி அறைவதற்குப் பந்து உயரத்தில் வரவேண்டும். அந்த உயரத்தைப் பிரகாஷ் கொடுக்கவேயில்லை. வலைக்கு அருகே மெல்ல விழுத்தினார். பாதி வேகத்தில் அடித்துத் தாழ்வாகச் செலுத்தினார். எதிராளி முன்னே ஓடிவந்தாற் பின்மூலைக்கு அனுப்பினார். வாள் வீரனை உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் அவன் என்செய்வான்? முதலாட்டம் 15–3. அக்கால விதிப்படி பந்தைத் தொடக்கி அடிப்பவருக்கே புள்ளி கிடைக்கும். எதிராளி தொடக்கியதை வென்றால் வாய்ப்பு மட்டுமே கைமாறும். அவ்விதியில், இருமுறை வென்ற ஒருவரை மூன்று புள்ளியில் நிறுத்துவதென்பது சிறு செயலன்று. இரண்டாம் ஆட்டத்திற் கிங் சற்றே நிமிர்ந்தார். அதுவும் 15–10 என முடிந்தது. இந்தியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

அடுத்த ஆண்டு அதே இருவரும் அதே இறுதியாட்டத்துக்கு வந்தனர். முதலாட்டத்தைப் பிரகாஷ் 15–11 என வென்றார்; பின்னர் கிங் 15–4, 15–6 என வென்று பட்டத்தை மீட்டுக்கொண்டார். எம் சித்தப்பா இதனை எமக்குச் சொன்னதேயில்லை. வெற்றிப் படத்தை ஒட்டினார். தோல்வியைத் தம்மோடு வைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நாமே படித்து அறிந்தபோது, ஏமாற்றத்தை விட நிம்மதியே மிகுந்தது என்று சொன்னால் வாசகர் நம்புவாரோ என்னவோ! படத்திலிருந்தவரும் எம்மைப்போல் மனிதர்தாம் என்பது தெரிந்தது.

பின்பு அவர் டென்மார்க்கிலே தங்கி, அங்குள்ள கழகத்துக்காக ஆடி, மோர்ட்டன் பிரோஸ்ட் போன்ற வீரரோடு பழகினார். 1981 இற் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிற் சீனத்து ஹான் ஜியானை வென்றார். 1983 உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார். 1991 இல் ஓய்வு. 1994 இற் பெங்களூரிற் பயிற்சிக்கழகம் ஒன்றைத் தொடக்கினார். 2001 இல் அகில இங்கிலாந்துப் பட்டத்தை இந்தியாவுக்கு இரண்டாம் முறை கொண்டுவந்த கோபிசந்த் அவரிடம் பயின்றவர். இந்த முறை பயிலும் பிள்ளைகள் கல்யாணம் முடியும்வரை காத்திருக்கவேண்டி இருக்கவில்லை.

நிற்க. கிங் ஆடிய கொட்டகையும் பிரகாஷ் ஆடிய மண்டபமும் எம் நினைவைவிட்டு அகலாமையால், ஒரு ஞாயிறு காலை அப்பையனின் வீட்டுக்குச் சென்றோம். தந்தையார் விறாந்தையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சொன்ன புத்தியை மீளப்பெற வந்திருக்கின்றோம் என்று தொடங்குவது எவ்வளவு சங்கடமென்பதை எம்போன்ற வாத்திமாரே அறிவர். பிரகாஷின் கதையை இங்கு எழுதியதினும் நீட்டியே கூறினோம். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது மாஸ்டர். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அவராக முடியுமோ?" என்றார்.

"முடியாது" என்றோம். உண்மை அதுதானே.

"அப்படியானால் ஏன் விடவேணும்?"

இக்கேள்விக்கு எம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. தேநீர் கொண்டுவந்த பையனின் தாயார்தாம் வாய்திறந்தார். "மட்டையைப் பரணிலே வைச்ச நாள் தொடக்கம் அவன் வகுப்பால வந்து சும்மா இருக்கிறான், மாஸ்டர். விளையாட்டுமில்லை, படிப்புமில்லை. முந்தி ஆறரைக்கு வந்தாலும் ஏழு மணிக்குப் புத்தகத்தோட இருப்பான்." தந்தையார் பத்திரிகையை மடித்தார், மீண்டும் விரித்தார். முன்னர் இதனைக் கேள்விப்பட்டதாக அவர் முகம் காட்டவில்லை.

முடிவில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. செவ்வாயும் வியாழனும் ஆட்டம். மற்றை நாட்களில் வகுப்பு. கணிதத்திற் புள்ளி குறைந்தால் உடன்படிக்கை முறியும் என்பது தந்தையாரின் நிபந்தனை. பரணுக்கு ஏணி வைக்கும் ஓசை உள்ளே கேட்டது. பையன் எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றானோ அறியோம்.

முதற் செவ்வாய் மாலை மண்டபப் பக்கமாகச் சென்றோம். பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை. உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள், மேடையில் வரவேற்பு நடனம். பையனும் நண்பர் மூவரும் மட்டைகளை மடியில் வைத்தபடி படிக்கட்டில் அமர்ந்திருந்தனர். "எத்தனை மணிக்கு முடியுமாம், தம்பி?" என்று கேட்டோம். "ஐந்தரைக்கு முடிஞ்சிடும் சேர். கதிரை அடுக்க நாங்களும் உதவி செய்தால் இன்னும் வெள்ளென ஆடலாம்" என்றான்.