சாரத்தில் மிச்சம் பிடித்த பணம்

சில வருடங்களுக்கு முன் எனது கடைக்கு மேல்மாடி எடுத்தபோது, சாரம் சரிந்து கூலிவேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் கீழே விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதங்கள் வேலைக்குப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று எனக்கு ஆறுதல் கூறினார்கள். எனக்கோ வேறொன்று மனதை உறுத்தியது. இரும்புச் சாரம் வாடகைக்கு எடுக்கவென பாஸ் கேட்ட தொகையை, 'இருக்கும் கம்புகளை வைத்துச் சமாளியுங்கள்' என்று சொல்லி வெட்டியவன் நான்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி போதித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கட்டாமல் விட்டுவிட்டு கத்ரின் மீது பழியைப் போடுவது தவக்குல் ஆகாது.

கொழும்பில் உயரும் பெரிய கட்டடங்களில் பாதுகாப்பு உத்தியோகத்தர் இருப்பார், தலைக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நாம் கட்டுவது அப்படியல்ல. கடைக்கு மேல் ஒரு தட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டோர், பள்ளிவாசலுக்கு ஒரு மினாரா. ஒரு பாஸ், இரண்டு மேசன்மார், நான்கு கைஉதவியாட்கள். காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒரு துவாய். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அனுபவமுள்ள மேசன்மார் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு வேலை பழகாத பிள்ளைகள் வருகிறார்கள்.

சட்டமும் இதனைச் சும்மா விடவில்லை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது காயமடையும் தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் பொறுப்பை வேலைகொள்வோர் மீது சுமத்துகின்றது. உச்சத் தொகை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக இருந்தது, 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. மரணம் சம்பவித்தால் அத்தொகையை ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். மையித்து வீட்டில் கொடுக்கும் ஒரு கவரோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடாது. சிறிய ஒப்பந்தக்காரர் ஒருவரின் முழு முதலும் ஒரே விபத்தில் போய்விடலாம்.

ஆகவே நமது ஊர்களில் மூன்று தரப்பினர் கைகோர்த்தால் நிலைமையை மாற்றலாம் என்பது எனது கருத்து.

முதலாவது, ஹார்ட்வெயார் வியாபாரிகள். கொங்கிரீட் மிக்ஸரையும் சிலாப்புக்கான முட்டுகளையும் நாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். அதேபோல இரும்புச் சாரத்தையும் பாதுகாப்புப் பட்டியையும் தலைக்கவசத்தையும் ஒரே தொகுதியாக வாடகைக்குக் கொடுத்தால் என்ன? நாலைந்து கடைகள் பங்காகச் சேர்ந்து வாங்கினால் ஒருவர் மீதும் சுமை விழாது. நன்மையோடு வருமானமும் உண்டு.

இரண்டாவது, பயிற்சி. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் அமைக்கப்பட்டுள்ளது. தொழிற்பயிற்சிக்கென நைட்டாவும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் இருக்கின்றன. வர்த்தக சங்கம் ஒரு கடிதம் எழுதி, நமது பாஸ்மாருக்குத் தமிழில் ஒருநாள் வகுப்பு கேட்கலாம். அதைவிடக் கிட்டவும் ஒரு வளம் இருக்கிறது. கட்டாரிலும் துபாயிலும் பெரிய கட்டடங்களில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நமது ஊர்களில் இருக்கிறார்கள். பட்டி கட்டாமல் உயரத்தில் ஏறக் கூடாது என்பதை அங்கே பழகியவர்கள், ஊருக்கு வந்ததும் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். அவர்களையே ஆசிரியர்களாக்குவோம்.

கற்றுக்கொடுக்க வேண்டியவை பெரிய வித்தைகளல்ல. ஏணி நாலடி உயரத்துக்கு அடிப்பக்கம் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். ஐந்தடிக்கு மேல் ஆழமான கிடங்கின் பக்கங்களுக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது. கிரைண்டருக்கும் துளை மெஷினுக்கும் 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் ஊடாகவே மின் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முன் பத்து நிமிடம், இன்று எங்கே ஆபத்து என்று பாஸ் பேச வேண்டும்.

மூன்றாவது, கட்டுவிப்போராகிய நாமும் பள்ளிவாசல் நிர்வாகங்களும். விலைமனு கேட்கும்போதே சாரத்துக்கும் பாதுகாப்புக்கும் தனி வரி ஒன்று போடும்படி சொல்வோம். அந்த வரியில் பேரம் பேசாதிருப்போம். வேலைக்கு முன் தகாபுல் அல்லது காப்புறுதிப் பத்திரம் எடுக்கப்பட்டதா என்று கேட்போம். பள்ளிவாசல் கட்டட வேலையிலிருந்து இதனை ஆரம்பித்தால் ஊர் பின்பற்றும்.

'செலவு கூடுமே' என்று சகோதரர்கள் கேட்கலாம். கூடும்தான். ஆனால் முன்வாசலுக்கு டைல்ஸ் தெரிவு செய்யும்போது நாம் அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. என்னுடைய கட்டடத்தில் சாரத்தில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு, அந்த இளைஞரின் வைத்தியத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் போனது. அவர் இப்போதும் நொண்டித்தான் நடக்கிறார். மேல்மாடியில் வியாபாரம் நன்றாக நடக்கிறது. ஆனாலும் அந்தப் படிகளில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அவரை நினைக்காமல் என்னால் ஏற முடிவதில்லை.

தொழிலாளியின் வியர்வை உலர முன் கூலியைக் கொடுத்துவிடுவதில் நாம் கவனமாக இருக்கிறோம். அந்தக் கூலியோடு அவர் மாலையில் முழு உடம்புடன் வீடு போய்ச் சேர்வதும் நமது அமானிதம் அல்லவா?