தம்பிக்கு லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

பிளஸ் டூ முடித்த என் தம்பி இன்ஜினீயரிங் சேரப்போகிறான். "கேமிங் லேப்டாப்தான் வேணும்க்கா" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அப்பாவோ சீட்டு எடுத்த பணத்தை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். உங்கள் வீட்டிலும் இந்தப் பஞ்சாயத்து ஓடுகிறதா?

காலேஜுக்கு எங்கிருந்து போகப்போகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். ஹாஸ்டல் என்றால் பேச்சே இல்லை, லேப்டாப்தான். மானிட்டர், சிபியு, யுபிஎஸ் என்று மூட்டை கட்டிக்கொண்டு ஒவ்வொரு லீவுக்கும் பஸ் ஏற முடியாது.

ஆனால், கடையில் 'ஆர்டிஎக்ஸ் 4070' என்றதும் மயங்கிவிடாதீர்கள். பெயர்தான் ஒன்று. டெஸ்க்டாப் கார்டில் மெமரி 12 ஜிபி. லேப்டாப்பில் 8 ஜிபிதான். அந்த லேப்டாப் சிப்பும் எல்லா மாடலிலும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒல்லியான மாடல்கள் சூடு தாங்காது என்பதால் குறைந்த வாட்டில் ஓட விட்டிருப்பார்கள். 'எத்தனை வாட்?' என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜரைக் கழற்றினால் கேம் வேகமும் படுத்துவிடும். அந்த சார்ஜரோ செங்கல் கனம்! கிராபிக்ஸ் சிப் போர்டோடு ஒட்டியிருப்பதால் பின்னால் மாற்றவும் வழியில்லை.

தம்பிக்கு வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதனால் டெஸ்க்டாப் என்றேன். முகம் தொங்கிப்போனது. "ப்ராஜெக்ட் காட்ட எதைத் தூக்கிட்டுப் போறது?" என்றான். நியாயமான கேள்விதான். லேப் இருக்கிறது, பென்டிரைவ் இருக்கிறது என்று சமாளித்தேன். "மூணாவது வருஷம் கார்டை மட்டும் மாத்திக்கலாம்டா" என்றதும்தான் வழிக்கு வந்தான்.

சனிக்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிறோம். யுபிஎஸ்ஸுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.