அபயம் அளித்தவர் யார்?

தெற்கு ஸூடானில், எதியோப்பிய எல்லையை ஒட்டி, அகோபோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 2013-ம் வருஷம் டிஸம்பர் 19-ந் தேதி அங்கே நம் தேசத்துப் போர் வீரர்கள் இருவர் உயிர் நீத்தார்கள். அவர்கள் எந்நாட்டின்மீதும் படையெடுத்துச் சென்றவர்களல்லர். ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் நீலத் தொப்பி அணிந்து சமாதானம் காக்கச் சென்றவர்கள்.

அத்தேசம் சுதந்திரம் பெற்றது 2011 ஜூலை 9-ந் தேதி. இரண்டே வருஷங்களில் ஜனாதிபதி ஸல்வா கீர் தம் உப ஜனாதிபதி ரீக் மச்சாரைப் பதவியினின்றும் நீக்கினார். 2013 டிஸம்பர் 15-ந் தேதி தலைநகராகிய ஜூபாவில் ராணுவத்துக்குள்ளேயே சண்டை மூண்டது. முன்னவர் டிங்கா இனத்தவர். பின்னவர் நுவேர் இனத்தவர். இரு தலைவர்களின் பதவிப் போட்டி நான்கே நாட்களில் இனத் துவேஷமாக மாறி அகோபோவை எட்டிவிட்டது. நுவேர்கள் மிகுந்த அவ்வூரில் அகப்பட்டுக்கொண்ட டிங்காக்கள் 30 பேருக்கு மேல் ஐக்கிய நாடுகளின் முகாமில் தஞ்சம் புகுந்தார்கள்.

முகாமில் இருந்த இந்திய வீரர்கள் 43 பேர். சூழ்ந்துகொண்டவர்களோ ஆயுதந் தாங்கிய சுமார் 2,000 வாலிபர்கள். முடிவு என்னவாயிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. தஞ்சம் புகுந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். நம்மவர் இருவரும் மாண்டார்கள்.

புறாவுக்கு அபயம் அளித்த சிபிச் சக்கரவர்த்தி தன் தசையை அரிந்து தராசில் வைத்தான். அயலான் தசையை அல்ல. இன்றைய உலகில் அபயம் அளிப்பது நியூயார்க்கில் கூடும் பாதுகாப்புக் கவுன்ஸில். தராசில் ஏறுவதோ இந்தியா போன்ற நாடுகளின் பிள்ளைகள். 2013-ல் அக்கவுன்ஸிலில் இந்தியாவுக்கு இடமே இல்லை என்பதையும் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அகோபோ தாக்கப்பட்ட ஐந்தாம் நாள் கவுன்ஸில் விழித்துக்கொண்டது. தெற்கு ஸூடானில் வைக்கக்கூடிய துருப்புகளின் உச்ச அளவை 7,000-லிருந்து 12,500 ஆக உயர்த்தியது. ஆயினும் 2014 ஏப்ரல் 17-ந் தேதி, மனுக் கொடுக்க வருவதுபோல் வந்த ஆயுதக் கும்பல் ஒன்று போர் நகரத்து முகாமுக்குள் புகுந்து, அங்கே அடைக்கலமாயிருந்த நுவேர்களில் நாற்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது.

"யார் வீட்டுச் சண்டைக்கோ நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வி நமக்குச் சம்மதமில்லை. அபயம் என்று வந்தவனைக் கைவிடுவது பாரத தர்மமாகாது. ஆனால் நமக்கும் சில கேள்விகள் உண்டு. கவுன்ஸிலில் அங்கம் வகிக்காத நாட்டைச் சேனை அனுப்பக் கோருமுன், அந்நாடு விரும்பினால், சேனையைப் பயன்படுத்தும் முடிவுகளில் அதற்கும் பங்களிக்க வேண்டும் என்கிறது ஐக்கிய நாடுகள் சாஸனத்தின் 44-வது ஷரத்து. அதன் நியாயம் சமாதானப் படைக்கும் பொருந்தும் என்பதே நம் கட்சி. 2,000 பேர் வரக்கூடிய இடத்தில் 43 பேரை நிறுத்துவது தகுமா என்று முன்கூட்டியே கேட்கும் உரிமை, அவர்களை அனுப்பியவர்களுக்கு இல்லாமற் போகலாமா?

2021 ஆகஸ்டில், இந்தியா தலைமை வகித்தபோது, சமாதானப் படையினரைத் தாக்குவோரை நீதியின்முன் நிறுத்த வேண்டுமென்று கவுன்ஸில் தீர்மானித்தது. 2023 ஜூனில், இறந்தவர்களுக்கு நினைவுச் சுவர் எழுப்ப வேண்டுமென்ற நம் பிரேரணையைப் பொதுச் சபை ஏற்றது. சுவர் எழட்டும், வரவேற்கிறோம். ஆனால் புதிய பெயர்கள் அதில் ஏறாமற் காப்பதே அவ்வீரர்களுக்குச் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.